“பிறவியிலேயே வேகமானவர்” என்பது பாராட்டா?

கேள்வி இது: “விளையாட்டில் ரன், கோல், நேரம் என்று எல்லாமே கணக்கில் இருக்கிறது. நன்றாக ஆடினால் யாராலும் மறைக்க முடியாது. அப்படியிருக்க, தொழில்முறை வீரர்களை மதிப்பிடுவதில் இனப் பாகுபாடு எப்படி நுழையும்? கறுப்பின வீரர்களைப் ‘பிறவியிலேயே பலசாலி, பிறவியிலேயே வேகமானவர்’ என்று சொல்வது பாராட்டுதானே? அதை ஏன் குறை சொல்கிறார்கள்?”

இரண்டாவது பாதியிலிருந்து தொடங்குகிறேன். முதல் பாதிக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. பார்வையாளர் பகுதியிலிருந்து வாழைப்பழம் வீசுவதும் குரங்கு போலக் கத்துவதும் இனவெறி என்று எல்லாருக்கும் தெரியும். அதைக் கண்டிக்க யாரும் தயங்குவதில்லை. ஆனால் ஒரு வீரர் எந்த இடத்தில் ஆடுவார், எவ்வளவு சம்பளம் வாங்குவார், ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளர் ஆவாரா என்பதையெல்லாம் தீர்மானிப்பதில், நல்ல மனதோடு சொல்லப்படும் பாராட்டுக்கு வசவைவிடப் பெரிய பங்கு இருக்கிறது. நான் இதை உணர எனக்கே பல வருடங்கள் ஆயின. அந்தச் சொற்களை நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

1997-இல் ஜெஃப் ஸ்டோன், ஜான் டார்லி உள்ளிட்ட அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றின் வானொலி வர்ணனையை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, ஒரு குறிப்பிட்ட வீரரை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். ஆட்டத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பாதிப் பேருக்கு அந்த வீரர் கறுப்பினத்தவர் என்று ஒரு புகைப்படம் காட்டப்பட்டது, மீதிப் பேருக்கு வெள்ளையர் என்று. காதில் விழுந்த ஒலிப்பதிவு எல்லாருக்கும் ஒன்றுதான். கேட்டு முடித்ததும் மதிப்பிடச் சொன்னபோது, கறுப்பினத்தவர் என்று நினைத்தவர்கள் ‘நல்ல உடல்திறன், அணிக்காக நன்றாக ஆடினார்’ என்றார்கள். வெள்ளையர் என்று நினைத்தவர்கள் ‘உடல்திறன் சுமார், ஆனால் ஆட்டத்தைப் புரிந்து ஆடுகிறார், விடாமல் உழைக்கிறார்’ என்றார்கள்.

இதில் யாரும் யாரையும் திட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் புகழ்ந்துதான் பேசியிருக்கிறார்கள். ஒருவருக்கு உடம்பைக் கொடுத்தார்கள், இன்னொருவருக்கு மூளையையும் உழைப்பையும் கொடுத்தார்கள். ஒலிப்பதிவில் இல்லாத அந்தப் பங்கீடு கேட்டவர்களின் மனதில் முன்பே இருந்தது.

சரி, அது மாணவர்களை வைத்து நடந்த சோதனை. ஆட்டத்தைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எப்படி? 2020-இல் ரன்ரிபீட் என்ற டென்மார்க் நிறுவனமும் இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கமும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் முதல்நிலை லீக்குகளில் 2019-20 பருவத்தில் நடந்த 80 ஆட்டங்கள். அவற்றின் ஆங்கில வர்ணனையில் வீரர்களைப் பற்றிச் சொல்லப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகளை எடுத்து, எது யாரைப் பற்றியது என்று பிரித்துப் பார்த்தார்கள். புத்திசாலித்தனத்தைப் புகழ்ந்த கருத்துகளில் சுமார் 62 சதவீதம் வெளிர்நிறத் தோல் கொண்ட வீரர்களுக்குப் போனது. கடின உழைப்பைப் புகழ்ந்ததில் சுமார் 60 சதவீதமும் அவர்களுக்குத்தான். கருநிற வீரரைப் பற்றிப் பேசும்போது அவருடைய பலத்தைக் குறிப்பிடும் வாய்ப்பு ஆறு மடங்குக்கும் அதிகம். வேகத்தைக் குறிப்பிடும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகம். புத்தி போதவில்லை என்ற விமர்சனம் வந்த இடங்களில் 63 சதவீதம் கருநிற வீரர்களைப் பற்றியது.

“அவர்கள் உண்மையிலேயே வேகமாக ஓடினால் வேறு எப்படிச் சொல்வது?” என்று கேட்கலாம். வேகத்தைப் பற்றி மட்டும் என்றால் நானும் யோசிப்பேன். ஆனால் உழைப்பு? உயர்நிலைக் கால்பந்தில் ஆடும் எவருமே பத்துப் பதினைந்து வருடம் தினமும் பயிற்சி எடுத்து வந்தவர்தான். அந்த வருடங்கள் ஒருவர் கணக்கில் ‘உழைப்பு’ என்றும் இன்னொருவர் கணக்கில் ‘வரம்’ என்றும் எழுதப்படுவது ஏன்? வர்ணனையாளருக்கு ஓர் அசைவைப் பற்றிச் சொல்லக் கிடைப்பது இரண்டு மூன்று நொடி. அந்த நேரத்தை ‘என்ன பலம்!’ எடுத்துக்கொண்டால் ‘எவ்வளவு முன்கூட்டியே யோசித்தார்!’ என்பதற்கு இடமில்லை. வாரம் ஒரு ஆட்டம், வருடக்கணக்கில் இப்படிக் கேட்டால், அந்த வீரர் யோசிப்பவர் என்ற எண்ணமே பார்ப்பவர் மனதில் உருவாகாது.

கிரிக்கெட்டிலிருந்து சொன்னால் இன்னும் தெளிவாகப் புரியும். 1980 மார்ச்சுக்குப் பிறகு 1995 வரை, பதினைந்து வருடங்கள், வெஸ்ட் இண்டீஸ் அணி ஒரு டெஸ்ட் தொடரைக்கூட இழக்கவில்லை. அந்த அணியைப் பற்றி அன்று எழுதப்பட்டவற்றில் மிரட்டல், மூர்க்கம், முரட்டு வேகம் போன்ற சொற்கள் நிறைந்திருக்கும். அதற்கு முந்தைய தலைமுறையை ‘காலிப்ஸோ கிரிக்கெட்’ என்றார்கள்: ஜாலியாக, கவலையில்லாமல், திட்டமில்லாமல் ஆடுபவர்கள் என்ற பொருளில். ஆக, தோற்றால் விளையாட்டுப் பிள்ளைகள், ஜெயித்தால் முரடர்கள். யோசிக்கிறவர்கள் என்ற இடம் இரண்டிலும் இல்லை.

அந்த அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் எப்படிப் பந்து வீசினார் என்று பாருங்கள். முதலில் ஒரு பவுன்சர், கொஞ்சம் குறைந்த வேகத்தில். பேட்ஸ்மேன் அதைச் சமாளித்துவிடுவார், நம்பிக்கையும் வந்துவிடும். அப்புறம் அதே ஓட்டம், அதே கை அசைவு, இன்னொரு பவுன்சர். ஆனால் இது பல மடங்கு சீறிக்கொண்டு வரும். முதல் பந்தை நம்பி ஆடப்போனவர் மாட்டிக்கொள்வார். இதற்குப் பெயர் முரட்டு வேகமா? எதிராளியின் மனதில் ஒரு நம்பிக்கையை விதைத்து, அதையே அவருக்கு எதிராகத் திருப்பும் சதுரங்கம் அது. 1984-இல் ஹெடிங்லியில் மால்கம் மார்ஷலுக்கு இடது கைக் கட்டைவிரல் முறிந்தது. மாவுக்கட்டோடு ஒற்றைக் கையில் பேட் பிடித்து, லாரி கோம்ஸ் சதம் அடிக்கும்வரை துணை நின்றார். பிறகு அதே கட்டோடு பந்து வீச வந்தார். வேகத்தைக் குறைத்து, பந்தைக் காற்றில் வளைத்து, 53 ரன்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். நிலைமைக்குத் தகுந்தபடி தன் ஆயுதத்தையே மாற்றிக்கொண்ட அந்த மனிதரைப் பற்றி என் நண்பர்களோடு பேசும்போது நான் பல வருடம் சொன்னது ‘என்ன ஒரு மிருக பலம்’ என்றுதான். இன்று அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இந்தச் சொற்கள் வர்ணனையோடு நின்றுவிட்டால் பெரிய விஷயமில்லை என்று விட்டுவிடலாம். நிற்பதில்லை. யாரை எந்த இடத்தில் ஆட வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் அறைக்குள்ளும் போகின்றன. அமெரிக்க ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் ஆட்டம்) குவாட்டர்பேக் என்பவர் களத்தின் மூளை. எந்தத் திட்டத்தை எடுப்பது, எதிரணி எப்படி நிற்கிறது, யாருக்குப் பந்தை எறிவது என்று சில நொடிகளில் முடிவெடுப்பவர். பல பத்தாண்டுகளாக அந்த இடம் கிட்டத்தட்ட வெள்ளையர்களுக்கே என்று இருந்தது. கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஆடிய கறுப்பின இளைஞர்களை, தொழில்முறை அணிகள் ‘உன் வேகத்துக்கு நீ ரிசீவராக ஆடு’ என்று ஓடும் இடங்களுக்கு மாற்றின. கட்டுப்படுத்தும், முடிவெடுக்கும் இடங்களில் வெள்ளையரையும், ஓடிப் பிடிக்கும் இடங்களில் கறுப்பினத்தவரையும் குவிக்கும் இந்தப் பழக்கத்தைச் சமூகவியலாளர்கள் 1970-லேயே கணக்கெடுத்துக் காட்டிவிட்டார்கள்.

மார்லின் பிரிஸ்கோவின் கதை எனக்கு மறப்பதே இல்லை. 1968-இல் டென்வர் பிராங்கோஸ் அணி அவரைத் தற்காப்பு ஆட்டக்காரராகத்தான் எடுத்தது. முதல் குவாட்டர்பேக்குக்குக் காயம் ஏற்பட்டதால் வாய்ப்பு வந்தது. நவீன காலத்தில் அந்த இடத்தில் தொடக்க வீரராக ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். அந்த ஒரு பருவத்தில் 14 டச்டவுன்களுக்கு (கால்பந்தின் கோல் போன்றது) பந்து எறிந்தார். மறு வருடம் அந்த அணி குவாட்டர்பேக்குகளின் கூட்டத்தை அவரைக் கூப்பிடாமலே நடத்தியது. விலகி பஃபலோ அணிக்குப் போனார், அங்கே ரிசீவராக மாற்றப்பட்டார். அந்தப் புதிய இடத்திலும் தேசிய நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வாகும் அளவுக்கு ஆடினார். ‘எண்கள் பேசும்’ என்கிறீர்களே, அவருடைய எண்கள் பேசத்தான் செய்தன. கேட்கத் தயாராக யாரும் இல்லை.

பத்து வருடம் கழித்து வாரன் மூன். 1978 ஜனவரியில் ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற கல்லூரி ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை ஜெயிக்க வைத்தவர். அந்த வருட டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஒரு அணிகூட அவர் பெயரைச் சொல்லவில்லை. குவாட்டர்பேக்காக மட்டுமே ஆடுவேன் என்று பிடிவாதமாகக் கனடாவுக்குப் போனார். எட்மன்டன் அணியோடு தொடர்ந்து ஐந்து முறை அங்கே சாம்பியன். அதற்குப் பிறகுதான் 1984-இல் அமெரிக்காவுக்குள் இடம் கிடைத்தது. 2006-இல் ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். அந்த இடத்தில் ஆடி அங்கே நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். ஆறு வருட உழைப்பை வேறொரு நாட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்துதான் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது.

அதெல்லாம் பழைய காலம் என்று தோன்றினால் லமார் ஜாக்சனைப் பாருங்கள். 2016-இல் கல்லூரி ஃபுட்பாலின் உச்ச விருதான ஹைஸ்மன் வாங்கியவர். 2018 டிராஃப்டுக்கு முன்னால் தொலைக்காட்சி விவாதங்களில் அவர் ரிசீவராக மாற வேண்டும் என்று பேசப்பட்டது. அப்படிச் சொன்னவர்களில் அணிகளைப் பல வருடம் நிர்வகித்த பில் போலியனும் ஒருவர். நான்கு வெள்ளையின குவாட்டர்பேக்குகள் முதல் பத்து இடங்களுக்குள் எடுக்கப்பட்ட பிறகு, முதல் சுற்றின் கடைசித் தேர்வாக, 32-ஆவது ஆளாக ஜாக்சன் எடுக்கப்பட்டார். 2019 பருவத்தில் டச்டவுன் எறிதல்களில் லீக்கிலேயே முதலிடம். மிகச் சிறந்த வீரர் விருதுக்கான 50 ஓட்டுகளும் அவருக்கே. போலியன் தான் சொன்னது தவறு என்று பிறகு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது நல்லதுதான். ஆனால் அந்த அளவு பிடிவாதமோ அதிர்ஷ்டமோ இல்லாமல், சொன்னபடி இடம் மாறி மறைந்துபோன எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

கேப்டன், பயிற்சியாளர் பதவிகளுக்கும் இதே கதைதான். வெஸ்ட் இண்டீஸ் அணியில் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் கறுப்பினத்தவராக இருந்தும், ஒரு முழுத் தொடருக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் கேப்டனாக நியமிக்கப்பட 1960 வரை, ஃபிராங்க் வோரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்க பேஸ்பாலில் 1987-இல், ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்த நாற்பதாம் ஆண்டை நினைவுகூரும் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலேயே, டாட்ஜர்ஸ் அணியின் பொது மேலாளர் அல் காம்பானிஸ், களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் பதவிக்கு வேண்டிய சில தகுதிகள் கறுப்பினத்தவரிடம் இல்லாமல் இருக்கலாம் என்றார். இரண்டு நாளில் வேலை போனது. அவர் ராபின்சனோடு சேர்ந்து ஆடியவர், அவரை மதித்தவர். அதனால்தான் இந்தச் சம்பவம் முக்கியமானது. மதிப்பும் இருந்தது, கூடவே ‘ஆடலாம், ஆனால் நடத்த முடியாது’ என்ற எண்ணமும் இருந்தது. இரண்டும் மோதிக்கொள்ளவே இல்லை. தென்னாப்பிரிக்காவின் டெம்பா பவுமாவை ஒதுக்கீட்டில் வந்தவர் என்று பல வருடம் ஏளனம் செய்தார்கள். 2025 ஜூனில் லார்ட்ஸில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில், தொடைத் தசைக் காயத்தோடு நொண்டிக்கொண்டே 66 ரன்கள் எடுத்தார். பெரிய கோப்பை ஒன்றுக்கான அந்த நாட்டின் 27 வருட ஏக்கம் அவர் தலைமையில் தீர்ந்தது.

இந்த அச்சு வார்ப்பு கறுப்பினத்தவரை மட்டும் தாக்குவதில்லை. ஒருவருக்கு உடம்பை மட்டும் கொடுப்பது போல, இன்னொருவருக்கு மூளையை மட்டும் கொடுத்துவிடும். கூடைப்பந்து வீரர் ஜெரமி லின் தைவானிய வம்சாவளி அமெரிக்கர், ஹார்வர்டில் படித்தவர். 2010-இல் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஹூஸ்டன் அணியின் மேலாளர் டேரில் மோரி புள்ளிவிவரத்தை நம்பி முடிவெடுப்பதில் பெயர்பெற்றவர். அவர்கள் வைத்திருந்த கணக்கீட்டு முறை லின்னை முதல் சுற்றிலேயே எடுக்கலாம் என்று காட்டியது. பின்னர் முதல் இரண்டு எட்டுகளின் வேகத்தை அளந்தபோது லின் முன்னணியில் இருந்ததும் தெரிந்தது. ஆனாலும் தேர்வின்போது அவருக்கு உடல்திறன் போதாது என்று எல்லாரும் நினைத்தார்கள். தானும் அப்படித்தான் நினைத்ததாகவும், அவர் ஆசியர் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் தெரியவில்லை என்றும் மோரி பின்னாளில் சொன்னார். 2012 பிப்ரவரியில் நியூயார்க் அணிக்காக லின் ஆடிய ஆட்டத்தை உலகமே பார்த்தது. அளவுகோல் கையில் இருந்தபோதுகூட, கண் சொன்னதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இப்போது அடுத்த சந்தேகம். ‘உயிரியல் வேறுபாடு என்று எதுவுமே இல்லையா?’ தனி மனிதர்களுக்கு இடையே நிச்சயம் உண்டு. மரபணுவுக்கும் விளையாட்டுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘இனம்’ என்ற பெரிய மூட்டையைக் கட்டி, அதற்கு ஒரு குணத்தை ஒட்டும்போதுதான் சறுக்குகிறோம். 1930-களில் அமெரிக்க நகரங்களின் கூடைப்பந்தில் யூதர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவின் ஸ்ஃபாஸ் அணி புகழ்பெற்றது. அன்றைய பத்திரிகையாளர்கள் என்ன எழுதினார்கள் தெரியுமா? யூதர்களின் பிறவித் தந்திரபுத்திக்குக் கூடைப்பந்து பொருத்தமான ஆட்டம் என்று. நெருக்கடியான குடியேற்றப் பகுதிகளில் ஒரு வளையமும் ஒரு பந்தும் போதும் என்பதுதான் உண்மையான காரணம். அந்தக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, அந்தத் தெருக்களுக்குக் கறுப்பினக் குடும்பங்கள் வந்தன. அதே ஆட்டம் உடனே ‘பிறவி உடல்பலத்தின்’ ஆட்டமாகிவிட்டது.

1936 பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்றபோது, கறுப்பினத்தவரின் கால் எலும்பும் தசையும் தனி வகை என்ற பேச்சு கிளம்பியது. ஹவர்ட் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் அறிஞர் மான்டேக் காப், அவரும் கறுப்பினத்தவர், வாதம் செய்வதற்குப் பதில் ஓவன்ஸின் காலை அளந்தார். எதையெல்லாம் ‘கறுப்பினக் கால்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்களோ, அந்த அடையாளங்கள் ஓவன்ஸிடம் இல்லை. அன்றைய வகைப்பாட்டின்படி அவருடைய கெண்டைக்கால் வெள்ளையருடையது போல இருந்தது. இன்று ‘வேக மரபணு’ என்று ஏசிடிஎன்3 பற்றிப் பேசுகிறார்கள். அதன் வேகத்துக்கு உதவும் வடிவம் ஐரோப்பியர்களில் பத்தில் எட்டு பேரிடம் குறைந்தது ஒரு பிரதியாவது உண்டு. கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கும் ஒன்றை வைத்து ஜமைக்காவின் ஓட்டத்தை விளக்க முடியாது. பள்ளி மாணவர்களின் தடகளப் போட்டிக்கே அரங்கம் நிரம்பும் நாடு அது. அந்தப் போட்டியையும் பயிற்சியாளர்களையும் விட்டுவிட்டு மரபணுவை மட்டும் தேடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்த எண்ணம் வீரரின் உள்ளேயும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதே ஸ்டோன் குழு 1999-இல் கோல்ஃபை அடிப்படையாக வைத்து ஒரு சோதனை செய்தது. ‘இது விளையாட்டு புத்தியை அளக்கும் சோதனை’ என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் மோசமாக ஆடினார்கள். ‘இது இயற்கையான உடல்திறனை அளக்கும் சோதனை’ என்றபோது வெள்ளையர்கள் தடுமாறினார்கள். ஆட்டம் ஒன்றுதான், பெயர்தான் வேறு.

உங்கள் முதல் பாதிக் கேள்விக்கு வருகிறேன்: எண்கள்தானே பேசும்? எண்ணை எழுதுவதும் ஒரு கண்தான். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தில் ஜோசப் பிரைஸ், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 1991 முதல் பதின்மூன்று பருவங்களின் ஃபவுல்களை எடுத்துப் பார்த்தார்கள். நடுவர்கள் தங்கள் இனத்தைச் சேராத வீரர்கள்மீது கொஞ்சம் அதிகமாக ஃபவுல் கொடுத்திருந்தார்கள். வித்தியாசம் சில சதவீதம்தான், ஆனால் சில ஆட்டங்களின் முடிவையே மாற்றப் போதுமானது. பேஸ்பாலில் 2004 முதல் 2008 வரை வீசப்பட்ட லட்சக்கணக்கான பந்துகளை வைத்து இன்னோர் ஆய்வு. அம்பயரும் பந்து வீசும் பிட்சரும் ஒரே இனமாக இருந்தால், ஸ்ட்ரைக் என்று பிட்சருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கொடுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடியது. ஆனால் அம்பயரின் முடிவைச் சரிபார்க்கும் கேமரா பொருத்திய மைதானங்களில் இந்தச் சாய்வு இல்லை. கூட்டம் நிறைந்த ஆட்டங்களிலும் இல்லை. அந்தப் பந்தோடு பேட்ஸ்மேன் கதை முடியும் என்ற கட்டத்திலும் இல்லை. யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தபோது நேராக நின்ற அதே கண், கவனிக்காதபோது சாய்ந்திருக்கிறது.

இதற்கு ஒரு நம்பிக்கை தரும் தொடர்ச்சி உண்டு. என்பிஏ ஆய்வு 2007-இல் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. லீக் நிர்வாகம் அதை மறுத்தது. ஆனால் அதற்குப் பிந்தைய மூன்று பருவங்களை அதே பொருளியலாளர்கள் மீண்டும் கணக்கிட்டபோது அந்தச் சாய்வு மறைந்திருந்தது. அது வெறுப்பாக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு பழக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது. அதனால்தான் இதைப் பற்றிப் பேசுவதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

முத்தையா முரளிதரன் விஷயத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது, ஆனால் கவனமாகச் சொல்ல வேண்டும். 1995 டிசம்பர் 26, மெல்பர்ன் டெஸ்டில் அம்பயர் டேரல் ஹேர் அவர் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை நோ-பால் கொடுத்தார். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை அவருடையது. அம்பயரின் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவின் சொந்த வீரர் இயன் மெக்கிஃப்பும் 1963-இல் இதே குற்றச்சாட்டில் ஆட்டத்தையே விட்டவர். ஆனால் 2004-இல் ஐசிசி அதிவேகக் கேமராக்களால் அளந்தபோது, கிட்டத்தட்ட எல்லாப் பந்துவீச்சாளர்களின் முழங்கையும் ஓரளவு நிமிர்வது தெரிந்தது. பாடப்புத்தகப் பாணியில் வீசியவர்களும் விதிவிலக்கு இல்லை. அதன் பிறகே எல்லாருக்கும் பொதுவாக 15 டிகிரி வரம்பு வந்தது. எது ‘சுத்தமான’ பந்துவீச்சு என்று கண்ணுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தைக் கொடுத்த பயிற்சிப் பாரம்பரியம் எங்கிருந்து வந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். வித்தியாசமாக வீசியவர்மீது கண் விழுந்தது, மற்றவர்களைத் தாண்டிப் போனது. இனவெறி என்ற ஒரே சொல்லில் இதை அடைக்க முடியாது. ஆனால் இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

பணத்திலும் இது தெரியும். ஸ்டீஃபன் சிமான்ஸ்கி என்ற பொருளியலாளர் 1978 முதல் 1993 வரையிலான இங்கிலாந்துக் கால்பந்து கிளப்புகளின் கணக்குகளைப் பார்த்தார். ஒரே அளவு சம்பளச் செலவில், கறுப்பின வீரர்களை அதிகம் வைத்திருந்த கிளப்புகள் அட்டவணையில் மேலே இருந்தன. அதாவது அதே திறமைக்கு அவர்களுக்குக் குறைவான சம்பளம். டென்னிஸில் செரீனா வில்லியம்ஸ் மரியா ஷரபோவாவை 20 முறை ஜெயித்தார், 2 முறைதான் தோற்றார். ஆனாலும் 2005 முதல் 2015 வரை, பதினோரு வருடம், ஃபோர்ப்ஸ் கணக்கில் அதிகம் சம்பாதித்த பெண் விளையாட்டு வீரர் ஷரபோவாதான். விளம்பர வருமானத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் விளம்பர உலகம் எந்த உடலை அழகு என்று வைத்திருக்கிறது என்பதும் அதில் ஒன்று. செரீனாவின் செர்வைப் பற்றிப் பேசும்போதும் பலம்தான் முதலில் வரும். எந்தத் திசைக்கு அடிக்கப்போகிறார் என்று எதிராளி கண்டுபிடிக்க முடியாதபடி ஒவ்வொரு முறையும் பந்தை ஒரே மாதிரி தூக்கிப்போடும் அந்த நுணுக்கம் அப்புறம்தான், அதுவும் எப்போதாவது.

தோல்வியில் இந்த மதிப்பீடு இன்னும் கடுமையாகும். 2018-இல் ஜெர்மனி அணியை விட்டு விலகிய மெசுட் ஓசில், ஜெயித்தால் நான் ஜெர்மானியன், தோற்றால் குடியேறியவன் என்று எழுதினார். அதே வருடம் ரொமேலு லுகாகுவும், நன்றாக ஆடும்போது தன்னைப் பெல்ஜிய வீரர் என்றும், ஆடாதபோது காங்கோ வம்சாவளி வீரர் என்றும் பத்திரிகைகள் எழுதுவதைச் சொன்னார். 2021 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்தின் கறுப்பின வீரர்கள் ராஷ்ஃபோர்ட், சான்ச்சோ, சாக்கா மூவர்மீதும் அன்றிரவு சமூக வலைத்தளங்களில் இனவெறி வசவுகள் குவிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சாக்காவுக்கு அப்போது 19 வயது.

‘சரி, இதெல்லாம் பேச்சு, கொஞ்சம் பணம், கொஞ்சம் வாய்ப்பு. அதற்கு மேல் என்ன?’ என்று இன்னும் தோன்றினால், கடைசியாக ஒன்று. அமெரிக்க ஃபுட்பாலில் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களுக்கு, என்எஃப்எல் லீக் சுமார் 100 கோடி டாலர் இழப்பீட்டு ஒப்பந்தம் செய்தது. இழப்பீடு பெற நினைவாற்றல், சிந்தனைத் திறன் சோதனைகள் எழுத வேண்டும். அந்த மதிப்பெண்களைக் கணக்கிட்ட முறையில் ஒரு சரிக்கட்டல் இருந்தது: கறுப்பின வீரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்ற அனுமானம். அதனால் இருவர் ஒரே மதிப்பெண் எடுத்தாலும், வெள்ளையருக்கு ‘பாதிப்பு’ என்றும் கறுப்பினத்தவருக்கு ‘இவருக்கு இது சாதாரணம்’ என்றும் முடிவு வரக்கூடும். கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரு முன்னாள் வீரர்கள் 2020-இல் வழக்குப் போட்டார்கள். 2021 ஜூனில் லீக் இந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் நீதிமன்றம் திருத்தத்தை ஏற்றது. பழைய சோதனைத் தாள்களை எடுத்து, இனத்தைப் பார்க்காமல் மறுபடி மதிப்பெண் போட்டார்கள். ஏற்கெனவே ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்ட நூற்றுக்கணக்கான கறுப்பின வீரர்கள், அதே தாள்களில் எழுதிய அதே விடைகளுக்கு, இழப்பீட்டுக்கோ சிகிச்சைக்கோ தகுதி பெற்றார்கள்.